வீட்டுப் பாட்டிலிருந்து ரிங்டோன்

சனிக்கிழமை திருநள்ளாற்றுக்குப் போய் நளன் குளத்தில் தலை முழுகுகிற குடும்பம், கரையில் ஒருவரை உட்கார வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கும். எல்லோருடைய செல்போனும், கழற்றிய சங்கிலியும், சட்டைப்பைக் காசும் அவர் மடியில் இருக்கும் துணிப்பைக்குள் போய்விடும். பைக்குள் ஒரு போன் அடிக்கிறது. எல்லாம் ஒரே கம்பெனி போன், எல்லாவற்றுக்கும் கடையில் வாங்கியபோது இருந்த அதே மணி. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்குள் ஓய்ந்துவிடுகிறது. யாரும் எடுக்காத செல்போன் அழைப்பு இந்தியாவில் 30 விநாடிதான் அடிக்கும். தரைவழி போனுக்கு 60 விநாடி. 2019 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த கணக்கு இது. அதற்கு முன்னால் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு 25 விநாடி, 20 விநாடி என்று குறைத்துவிட்டிருந்தன.

இந்த அத்தியாயம் அந்த 30 விநாடியை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியது. பையை வைத்திருப்பவர் கையை உள்ளே விடாமலே “இது அத்தான் போன்” என்று சொல்லிவிட வேண்டும். வயலில் நிற்பவர், அடிப்பது தன் போன்தான், கூப்பிடுவது மகள்தான் என்பதை வரப்பிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். இதற்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். அலமாரியில் கிடக்கும் கேசட், பழைய மெமரி கார்டு, பென் டிரைவ், எம்பி3 சிடி ஆகியவற்றில் இருப்பதே போதும்.

ஒரு குழப்பத்தை மட்டும் முதலில் தீர்த்துவிடலாம். ரிங்டோன் வேறு, காலர் டியூன் வேறு. உங்களைக் கூப்பிடுகிறவர் காதில் விழுவது காலர் டியூன். அது கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கேசட்டை அங்கே கொண்டுபோய் ஏற்ற முடியாது. உங்கள் போனில் இருப்பதும், உங்கள் காதுக்காக அடிப்பதும் ரிங்டோன். அது முழுக்க உங்கள் கையில்.

எந்த ஓசை எட்டும்?

செல்போன் கடையில் நாள்தோறும் நடக்கிற பேச்சு இது. “அண்ணே, எந்த இடத்திலேர்ந்து வெட்டணும்?” என்று பையன் கேட்பான். “முதல்லேர்ந்தே வையி தம்பி” என்று பதில் வரும். அப்படி வைத்த ரிங்டோன்களில் பாதி, அடிக்கிறபோது காதில் விழுவதில்லை. பாட்டின் தொடக்கம் மெதுவாக எழும்பி வரும். தம்புராவோ, ஆற அமர ஓடும் வயலின் கூட்டமோ, பேஸ் கிதாரோ ஐந்தாறு விநாடியைத் தின்றுவிடும். வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது அந்தத் தொடக்கம்தான் அழகு. சட்டைப்பைக்குள்ளிருந்து அடிக்கும்போது அது வீண்.

செல்போன் ஸ்பீக்கர் நகக்கண் அளவுதான். சுமார் 300 ஹெர்ட்சுக்குக் கீழே இருக்கிற கனத்த ஓசைகளை அதனால் சரியாகத் தள்ள முடியாது. தவிலில் குச்சியால் அடிக்கிற தொப்பிப் பக்கம் அதில் ஏறக்குறைய காணாமல் போய்விடும்; விரலில் கூடு மாட்டி அடிக்கிற வலந்தலை கணீரென்று வரும். டிரம், பேஸ், எல்லாமே அடியில் போய்விடுகிற புதுப்பாட்டுகள் வீட்டு ஸ்பீக்கரில் அதிர்ந்துவிட்டுப் போனில் சப்பென்று கேட்பதற்கு இதுதான் காரணம். நம் காது அதிகக் கூர்மையோடு கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையில். அந்த இடத்தில் பலமாக இருக்கிற ஓசைதான், அதே சத்தத்தில் வைத்தாலும் தூரத்துக்கு எட்டும்.

இங்கேதான் நம் பக்கத்து ஆட்கள் கொடுத்து வைத்தவர்கள். திருநள்ளாற்றிலிருந்து வடக்கே போனால் சீர்காழி, மேற்கே போனால் திருவாவடுதுறை, தெற்கே போனால் நாகூர். சீர்காழி கோவிந்தராஜன் (1933–1988), திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), நாகூர் ஹனீபா (1925–2015) மூவரின் ஓசையும் திறந்த வெளியில் தூரத்து ஆளுக்குப் போய்ச் சேர்கிற ஓசை. ஹனீபா பொதுக்கூட்ட மைதானத்தின் கடைசி வரிசைக்குப் பாடியவர். சீர்காழியின் வெண்கலக் குரல் எந்தப் பழைய குழாய் ஸ்பீக்கரிலும் கலங்காது. ராஜரத்தினம் பிள்ளை வாசித்த நாகஸ்வரமோ நான்கு வீதியிலும் சாமி முன்னால் நடந்தபடி ஊதுவதற்கென்றே அமைந்த வாத்தியம். சீவாளியின் அதிர்வில் அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் மேல் ஓசைகள், காது கூர்மையாக இருக்கிற அந்த இடத்தில்தான் குவிகின்றன. டீசல் எஞ்சின் சத்தமும் டிராக்டர் சத்தமும் பெரும்பாலும் கனத்த அடி ஓசை. நாகஸ்வரம் அதற்கு மேலே ஏறிப் போய்விடுகிறது.

அதனால் ரிங்டோனுக்கு என் முதல் தேர்வு எப்போதும் நாகஸ்வரம்தான். பழைய குட்டையான திமிரி நாகஸ்வரத்தின் ஓசை இன்னும் கூர்மை. ராஜரத்தினம் பிள்ளை கொண்டுவந்த நீளமான பாரி நாகஸ்வரம் சற்றுக் கீழ்ச் சுருதி, கேட்க இதம். இன்று கேட்பது பெரும்பாலும் பாரிதான். ஆச்சா மரத்தில் கடைந்து அதைச் செய்கிற நரசிங்கம்பேட்டைக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. போனில் இரண்டுமே எட்டும்.

நாகஸ்வரம் என்றவுடன் கெட்டி மேளத்தை வெட்டி வைத்துவிடாதீர்கள். கல்யாண மண்டபத்தில் உங்கள் போன் அடித்தால் அட்சதையைத் தூக்கிவிடுவார்கள். ராக ஆலாபனையும் வேண்டாம். தோடி எழும்பி நிற்பதற்குள் 30 விநாடி முடிந்துவிடும். கீர்த்தனையில் அனுபல்லவி மேலே ஏறுகிற இடம் நல்லது. மல்லாரி அதைவிட நல்லது.

மல்லாரிக்குச் சாகித்யம் கிடையாது. சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் வாசிப்பது. தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஒன்று உண்டு. சின்னச் சின்னத் துண்டாக, தாளத்தில் அறைந்தாற்போல வரும். புறப்பாட்டுக்கு உரியதைப் போனில் வைக்கலாமா என்று பெரியவர்கள் சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். வித்வான்களே இன்று அதைக் கச்சேரி மேடையில் வாசிக்கிறார்கள், பரதநாட்டிய மேடையும் மல்லாரியோடு தொடங்குகிறது. ஆகையால் வைப்பதில் குற்றமில்லை என்பது என் எண்ணம். ஆனால் கோயிலுக்குள் நுழையும்போது போனை சைலன்டில் போட்டுவிட வேண்டும். உள்ளே உண்மையான மல்லாரி நடந்துகொண்டிருக்கும்.

சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்றால், கம்பி வாத்தியம் முன்னால் வருகிற இடத்தைத் தேடுங்கள். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வில் கிதார் மீட்டல் போன் ஸ்பீக்கரிலும் தனித்தனியாக விழுகிறது. புல்லாங்குழலும் அப்படித்தான். கூட்டுக்குரல், கூட்டு வயலின் எல்லாம் குழம்பிவிடும்.

கேசட்டைப் போனுக்குக் கொண்டுவருதல்

பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் இருக்கிற எம்பி3-க்கு இந்தப் பகுதி தேவையில்லை; அடுத்ததற்குப் போய்விடலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். பாட்டுக் கேட்கிற ஆப்பில் ‘டவுன்லோடு’ செய்தது உங்கள் கோப்பு கிடையாது. அது அந்த ஆப்புக்குள் பூட்டிக் கிடக்கிறது, சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். அதை வெட்ட முடியாது. கேசட், சிடி, காசு கொடுத்து வாங்கிய எம்பி3, நீங்களே பதிவு செய்தது, இவைதான் வெட்டக் கைக்கு வருபவை.

கேசட் இன்னும் நிறைய வீட்டில் இருக்கிறது. காரைக்கால் பண்பலை 100.3-இல் வந்த பாட்டை டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்தவர்கள், மகள் கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரத்தை மைக் வைத்துப் பதிந்தவர்கள் நம் பக்கம் ஏராளம். அந்தக் கல்யாணக் கேசட்டுக்கு ஈடான ரிங்டோன் எந்தக் கடையிலும் கிடைக்காது. வாசித்தவர் இன்று இல்லாமல் இருக்கலாம். அந்த மேளம் அந்த வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

கடற்காற்று ஊரில் கேசட்டுக்கு முதல் எதிரி பூஞ்சை. சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அதை நல்ல டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். தெரியாவிட்டால், முதலில் கடைசி வரை வேகமாக ஓட்டி, திரும்பவும் முதலுக்குக் கொண்டுவாருங்கள். பல வருடம் ஓடாத நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். இது அதைப் பிரித்துவிடும். டெக்கின் ஹெட்டைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். குச்சியில் பழுப்பு நிறம் வருவது நின்றால் போதும்.

டெக்கின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஆக்ஸ் ஒயரை எடுத்து லேப்டாப்பில் சொருக வேண்டும். லேப்டாப்பின் மைக் ஓட்டை மெல்லிய ஓசைக்கு அமைந்தது, டெக்கின் ஓசை அதில் கரகரக்கும். லைன் இன் ஓட்டை உள்ள சின்ன யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி வேண்டும். 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள் அது. பதிவின் உச்சம் மைனஸ் 6 டெசிபல் அருகில் நிற்கும்படி டெக்கின் சத்தத்தை வையுங்கள். சிவப்பு எட்டினால் அந்த இடம் உடைந்து போயிற்று என்று அர்த்தம். பிறகு எந்தக் கருவியாலும் அதைச் சேர்க்க முடியாது.

பழைய டெக்கில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் நாகஸ்வரம் சுருதி இறங்கி இழுக்கும். கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பெல்ட்டை மாற்றுவதே நல்ல வழி. முடியாவிட்டால் ஆடாசிட்டியில் வேகத்தை ஒன்றிரண்டு சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். வேகம் ஏறும்போது சுருதியும் சேர்ந்தே ஏறும், அதுதான் நமக்கு வேண்டியது.

நாடாவின் ‘ஸ்’ என்ற இரைச்சலை நீக்க ஆடாசிட்டியில் வசதி உண்டு. ரிங்டோனுக்கு அதைத் தொடவே வேண்டாம் என்பேன். இரைச்சலை அழிக்கப் போய் சீவாளியின் கூர்மையும் சேர்ந்து அழியும். ஓசை தண்ணீருக்குள் கேட்பதுபோல ஆகிவிடும். தெருவில் போன் அடிக்கும்போது அந்த ‘ஸ்’ யார் காதிலும் விழாது.

வெட்டுகிற இடம்

இங்கே நேரம் செலவழிக்கலாம். வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஒரு மல்லாரிப் பதிவை ஆடாசிட்டியில் திறந்தால் நீல நிறத்தில் ஓசை அலை தெரியும். அலை குட்டையாக இருக்கிற தொடக்கம் தவிலின் அலாரிப்பு, ஒத்து, சுருதி எல்லாம். நமக்கு வேண்டியது அங்கே இல்லை. கேட்டுக்கொண்டே போங்கள். மல்லாரியை ஒரே உருப்படியாக விளம்பத்தில் தொடங்கி, இரட்டித்து, மறுபடியும் இரட்டித்து வாசிப்பார்கள். இரண்டாம் காலத்தில் நிறுத்துங்கள். முதல் காலம் ரிங்டோனுக்கு மெதுவு. மூன்றாம் காலத்தில் சுரங்கள் நெருங்கிச் சின்ன ஸ்பீக்கரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் காலத்துக்குள் தாளத்தைக் கையில் போட்டுப் பாருங்கள். சமத்தில் விழுகிற அடி எது என்று கண்டுகொண்டால், வெட்டு அங்கேதான். ஒரு மாத்திரை முன்னால் வெட்டினால் போன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுவதுபோல இருக்கும். ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் இரண்டே நாளில் அலுத்துவிடும். உருப்பெருக்கியை அழுத்தி அலையைப் பெரிதாக்குங்கள். தவிலின் அடி செங்குத்தாக எழும்பி நிற்கிற இடம் தெரியும். அதற்கு ஒரு நூலிழை முன்னால் கர்சரை வைத்து, ஆங்கில ‘இசட்’ விசையை அழுத்துங்கள். அலை நடுக்கோட்டைத் தொடுகிற இடத்துக்குக் கர்சர் தானாக நகரும். அங்கே வெட்டினால்தான் தொடக்கத்தில் ‘டிக்’ என்ற சத்தம் வராது.

முடிவையும் சமத்திலேயே வையுங்கள். ஆவர்த்தனக் கணக்கில் முழுசாக எடுத்தால், ரிங்டோன் முடிந்து திரும்ப முதலிலிருந்து அடிக்கும்போது தாளம் அறுபடாமல் ஓடும். ஒரு ஆவர்த்தனம் 5 விநாடி ஓடினால் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள், 20 விநாடி. ஐந்தாவதை எடுக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் 10 விநாடிக்குள் போனை எடுத்துவிடுவோம். முதல் மூன்று விநாடியில் யார் போன் என்று தெரியாவிட்டால் மீதி எவ்வளவு நீளம் இருந்தும் பயனில்லை.

தாளம் அறுபடாமல் திரும்ப வேண்டும் என்றால் எம்பி3 ஒத்துவராது. எம்பி3-யாக மாற்றும்போது முன்னும் பின்னும் ஒரு துளி மௌனம் சேர்ந்துவிடும். ஆண்ட்ராய்டு போனின் சொந்த ரிங்டோன்களே ‘ஓஜிஜி’ வகைக் கோப்புகள்தான். நீங்களும் அதே வகையில் சேமிக்கலாம். சேமிக்கும்போது வருகிற தகவல் பட்டியலில் ‘ஆண்ட்ராய்டு_லூப்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடையில் அடிக்கோடு போட்டு ஒரு வரி சேர்த்து, அதன் மதிப்பாக ‘ட்ரூ’ என்று தட்டச்சு செய்யுங்கள். அந்தக் குறிப்பைப் பார்த்தால் போன் இடைவெளி இல்லாமல் சுற்றும். மல்லாரிக்கு இது பொன்னான வசதி.

வெட்டியான பிறகு மூன்று சின்ன வேலை. இரண்டு பக்க ஸ்டீரியோவை ஒரே மோனோவாக இணையுங்கள். சில பதிவுகளில் நாகஸ்வரம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம் என்று கிடக்கும். ஹை-பாஸ் ஃபில்டரில் 250 ஹெர்ட்சுக்குக் கீழே இருப்பதைக் குறைத்துவிடுங்கள். ஸ்பீக்கரால் தள்ள முடியாததைத் தள்ளச் சொல்லி அதை ஏன் வருத்த வேண்டும்? அதன்பின் நார்மலைஸ் போட்டு உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். குறைப்பதை முதலிலும் கூட்டுவதைக் கடைசியிலும் செய்வது முக்கியம். மாற்றிச் செய்தால் பலன் பாதிதான். இன்னும் சத்தம் வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போனால் கரகரப்பு மட்டும்தான் கூடும்.

எம்பி3-தான் வசதி என்றால் மோனோவில் 128 கேபிபிஎஸ் தாராளம். 30 விநாடிக்கு 480 கிலோபைட்தான் வரும்.

மெசேஜுக்கான சத்தம் வேறு. அது ஒரு விநாடியைத் தாண்டக் கூடாது. தவிலில் ஒரே ஒரு ததிங்கிணதோம் வெட்டி வைத்துப் பாருங்கள். கூட்டத்திலும் தெரியும், யாரையும் தொந்தரவு செய்யாது.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் போனிலேயே வெட்டலாம், ஆப்கள் குவிந்து கிடக்கின்றன. நிறுவும்போது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். பாட்டுக் கோப்பைத் திறக்க அனுமதி தேவை. ரிங்டோனை நேரே பொருத்தித் தருவதாக இருந்தால் செட்டிங்ஸை மாற்ற அனுமதி தேவை. உங்கள் இருப்பிடமும் குறுஞ்செய்தியும் அதற்கு எதற்கு? கேட்டால் அந்த ஆப் வேண்டாம். சாம்சங் போனில் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே ‘ஹைலைட்ஸ் ஒன்லி’ என்று ஒன்று இருக்கும். பாட்டின் எடுப்பான இடத்தை அதுவே தேடிக்கொள்ளும். சினிமாப் பாட்டுக்குப் பரவாயில்லை, நாகஸ்வரத்துக்கு அது சரியாகக் கண்டுபிடிப்பதில்லை.

ஒரு காலத்தில் இதெல்லாம் இல்லாமலே ரிங்டோன் செய்தோம். நோக்கியா 3310-இல் எண் பொத்தான் ஒன்று முதல் ஏழு வரை ஏழு சுரம். ஒவ்வொரு சுரமாக அழுத்தி மெட்டைத் தட்டி வைப்பார்கள், நண்பர்கள் எண்களைத் தாளில் எழுதிப் பரிமாறிக்கொள்வார்கள். நோக்கியாவின் சொந்த மணியே, ஸ்பெயின் நாட்டு கிதார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா 1902-இல் எழுதிய ஒரு வால்ஸிலிருந்து வெட்டிய துண்டு. நல்ல வெட்டு என்றால் என்ன என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. ஒரே அடியில் தொடங்குகிறது, நான்கே விநாடியில் முடிகிறது, உலகம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

போனில் வைப்பது

ஆண்ட்ராய்டில் கோப்பை யுஎஸ்பி ஒயர் மூலம் ‘ரிங்டோன்ஸ்’ ஃபோல்டரில் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ஒன்று உருவாக்கலாம். பிறகு செட்டிங்ஸில் சவுண்டு, அதற்குள் ரிங்டோன். பட்டியலில் உங்கள் கோப்பின் பெயர் வந்துவிடும், வராவிட்டால் கூட்டல் குறியை அழுத்திக் காட்டிக் கொடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மெனு பெயர் கொஞ்சம் மாறும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பெறுவதானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டு வாய்ஸ் மெசேஜாகப் பிடித்து அனுப்பினால் ஓசை செத்துவிடும்.

ஐபோனில் சற்றுச் சுற்று வழி. கராஜ்பேண்ட் ஆப்பில் பாட்டைக் கொண்டுவந்து, 30 விநாடிக்குள் வெட்டி, ஷேர் பொத்தானில் ரிங்டோன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐஓஎஸ் 26 வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. 30 விநாடிக்கு உட்பட்ட எம்பி3 கோப்பை ஃபைல்ஸ் ஆப்பில் அழுத்தி, ஷேர் போட்டால் ரிங்டோனாக வைக்கும் வசதி அங்கேயே வந்துவிடுகிறது.

ஆளுக்கு ஒரு ரிங்டோன் வைப்பதுதான் இதில் பெரிய பயன். தொடர்பு எண்ணைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தினால் ‘செட் ரிங்டோன்’ இருக்கும். எல்லோருக்கும் வைக்கத் தேவையில்லை. வீட்டில் இருப்பவர்கள், பிள்ளையின் பள்ளிக்கூடம், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர், இவ்வளவு போதும். எண்ணிக்கை கூடினால் எது யாருடையது என்பதே மறந்துவிடும்.

காரைக்கால் வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரான்சில் உறவினர் இல்லாத தெரு குறைவு. அங்கிருந்து வருகிற அழைப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருகிறது. தொடர்பு எண்ணில் நீங்கள் வைத்த ரிங்டோன் வாட்ஸ்அப் அழைப்புக்கு அடிக்காது. அதைத் தனியாக வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பைத் திறந்து, அந்த நபரின் பெயரைத் தொட்டு, நோட்டிஃபிகேஷன் பகுதியில் அழைப்புக்கான ரிங்டோனை மாற்றுங்கள்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். பாரிசுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிரில் நான்கரை மணி வித்தியாசம். வேலை முடிந்து அவர்கள் மாலை 7 மணிக்கு உட்கார்ந்து கூப்பிடும்போது இங்கே இரவு பத்தரையோ பதினொன்றரையோ. அந்த அழைப்புக்கு மல்லாரி வேண்டாம், தெருவே எழுந்துவிடும். வீணையோ புல்லாங்குழலோ எடுத்து, ஆடாசிட்டியில் ‘ஃபேட் இன்’ போட்டு முதல் நான்கு விநாடி மெல்ல எழும்பும்படி வையுங்கள். அம்மா விழித்துக்கொள்வார், தொட்டிலில் இருக்கிற குழந்தை தூங்கும்.

வயதானவர்களின் போனுக்கு வேறு கணக்கு. வயதாகும்போது காதில் முதலில் குறைவது மிகக் கூர்மையான, உயர்ந்த ஓசையைக் கேட்கும் திறன். மணிச் சத்தம், விசில், பறவைக் குரல் என்று வைத்துக் கொடுத்துவிட்டு “தாத்தா போனே எடுக்க மாட்டேங்குறார்” என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை. அவருக்கு அது விழவே இல்லை. 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை பலமாக இருக்கும் ஆண் குரல் பாட்டு அவருக்கு ஏற்றது. சீர்காழியின் ஒரு பல்லவியை, இசைக்கருவி முன்னுரை எதுவும் இல்லாமல், குரல் எழும்புகிற இடத்திலிருந்தே வெட்டி வையுங்கள். அவருக்குத் தெரிந்த பாட்டாக இருந்தால் பாதி காதில் விழுந்தாலும் மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். கூடவே அதிர்வையும் போட்டுவிடுங்கள். போன் மேசை மேல் மரத்தோடு சேர்ந்து அதிர்கிற ஓசை கனமாக இருக்கும்.

சட்டம் பற்றி நான்கு வரி. சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நீங்கள் வாங்கிய கேசட்டிலிருந்து 20 விநாடி வெட்டி உங்கள் போனில் வைப்பது அந்த எல்லைக்குள் வரும். அதையே இணையத்தில் ஏற்றுவதும், கடை வைத்து விற்பதும் வேறு விஷயம். ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அவர்கள் காலமான பிறகு 60 வருடம். ராஜரத்தினம் பிள்ளை இருக்கும்போது வெளிவந்த இசைத்தட்டுகளின் பதிவுக் காலம் முடிந்துவிட்டது. ஹனீபாவின் பிற்காலக் கேசட்டுகளுக்கு இன்னும் முடியவில்லை.

எல்லாம் வைத்தாயிற்று என்றால் சோதித்துப் பாருங்கள். செட்டிங்ஸில் அழுத்திக் கேட்பது சோதனை ஆகாது. போனை வழக்கமாக எங்கே வைப்பீர்களோ அங்கேயே வையுங்கள்: சட்டைப்பை, கைப்பை, சமையலறையில் மிக்ஸி பக்கத்தில், பைக்கின் டேங்க் கவரில். மிக்ஸியை ஓட விடுங்கள். கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு, வீட்டிலிருக்கும் ஒருவரை வேறு போனிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். ஓசை வந்தும் எந்தப் பாட்டு என்று தெரியாவிட்டால் வெட்டிய இடம் சரியில்லை, இன்னும் எடுப்பான இடத்திலிருந்து தொடங்குங்கள். பாட்டு தெரிந்தும் சன்னமாக இருந்தால் ஆடாசிட்டியின் ஈக்வலைசரில் 2500 ஹெர்ட்ஸ் அருகில் 3 டெசிபல் கூட்டி, மறுபடியும் நார்மலைஸ் போட்டுச் சேமித்து, பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதை வையுங்கள். வெட்டாத முழுப் பதிவைப் பென் டிரைவில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த போன் வாங்கும்போது அதிலிருந்துதான் மறுபடியும் வெட்ட வேண்டியிருக்கும்.